குகைக் கல்வெட்டுக்களும் கொள்கைகளும்

ஆண்டுகளையும் பெயர்களையும் நிரைப்படுத்தி ஒப்புவிப்பதே வரலாறு என்பது நம் வகுப்பறைகளில் ஊறிப்போன எண்ணம். செய்திகள் முதலில் தாமாகவே கிடைக்கின்றன, கொள்கை என்பது அறிஞர் பிற்பாடு அவற்றின்மீது பூசும் சாயம் என்ற கருத்தும் அதனோடு சேர்ந்தே மாணவர் மனத்திற் பதிந்துவிடுகிறது. இவ்வாறு எண்ணுவோர் பாண்டி நாட்டுக் குகைக் கல்வெட்டுக்களின் கதையைச் சற்றே நோக்குதல் வேண்டும்.

மதுரையைச் சூழ்ந்த குன்றுகளிலே, துறவியர் தங்கிய குகைகளின் நெற்றியிலும் கற்படுக்கைகளிலும் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் சில வரிகள் வெட்டப்பட்டன. மாங்குளத்துக் கல்வெட்டுக்களை 1882இல் றொபேட் சிவெல் கண்டார். 1906இல் வெங்கையா மீண்டும் கண்டார். எழுத்துப் புதிரன்று, அசோகனது பிராமியை ஜேம்ஸ் பிரின்செப் 1837இலேயே படித்து முடித்திருந்தார். எனவே கல்லிலிருந்தவற்றை ஒலிக்க முடிந்தது. ஆயினும் பொருள் பிறக்கவில்லை. இலங்கைக் குகைகளிலும் இத்தகைய எழுத்துக்களே உள்ளன, அவற்றின் மொழியோ பிராகிருதம். ஆகவே பாண்டி நாட்டுக் குகைகளும் பௌத்தருடையவை, மொழி பாளி என்று வெங்கையா கருதினார். இதை அறியாமை என்று நாம் எள்ளுதல் தகாது. அன்றிருந்த சான்றுகளுக்கு அது இயல்பான முடிபே. 1919இல் கிருஷ்ண சாஸ்திரி ஆங்காங்கே தமிழ்ச் சொற்களை இனங்கண்டார். தொடர்ந்த பொருள் அவருக்கும் அகப்படவில்லை.

1924இல் சென்னையிற் கூடிய கீழைத்தேயக் கலை மாநாட்டிலே கே. வி. சுப்பிரமணிய ஐயர் கல்வெட்டுக்களின் மொழி தமிழே என்று நிறுவினார். அவர் புதிய கல் எதனையும் கொண்டுவந்து காட்டினாரல்லர். பிறர் பார்த்த கற்களையே பார்த்தார். பிராகிருதத்தில் மலிந்து கிடக்கும் வர்க்க எழுத்துக்கள் இங்கே அரிதாயிருப்பதையும், தமிழுக்குரிய ழ, ள, ற, ன ஆகியவை வருவதையும் எடுத்துக்காட்டினார். ஓரெழுத்து இல்லையென்பதைக் கண் காணாது. அது இருத்தல் வேண்டுமென எதிர்பார்க்கும் கருத்து ஒன்று முன்னரே இருந்தாலன்றி, இல்லாமை செய்தியாவதில்லை.

அதன் பின்னும் இடர் தீரவில்லை. வடநாட்டு முறைப்படி, பக்கக்கோடு பெறாத எழுத்து அகரம் ஏறியது. கோடு பெற்றது ஆகாரம் ஏறியது. இம்முறையிற் படித்தால் கல்லில் ‘மாகான’ என்று வரும். அஃது எம்மொழிச் சொல்? கோடு பெறாததைத் தனிமெய் என்றும், கோடு பெற்றதை அகரமோ ஆகாரமோ ஏறியது என்றும் கொண்டு பார்த்தால், அதே வடிவம் ‘மகன்’ ஆகிவிடுகிறது! ஆந்திர நாட்டுப் பட்டிப்புரோலுவிற் கிடைத்த பேழைகளின் எழுத்திலும் அகரத்துக்குத் தனிக்கோடு இருந்தமை இதற்குத் துணை நின்றது. எனினும் இவ்விதி எல்லாக் கல்லுக்கும் ஒத்துவரவில்லை. காலத்தாற் பிந்திய கற்கள் முரண்டு பிடித்தன. எழுதுமுறை காலந்தோறும் மாறியதென்று கொண்டு, கல்வெட்டுக்கள் அனைத்தையும் ஒருங்கே வைத்து விதியைத் திருத்தியமைத்தவர் ஐராவதம் மகாதேவன். 1965இல் அவர் கரூரை அடுத்த புகலூர்க் கல்வெட்டிலே கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்னும் மூன்று தலைமுறைச் சேரரை இனங்கண்டார். பதிற்றுப்பத்து பாடும் இரும்பொறை மரபு கல்லிலும் துலங்கியது.

இலக்கியத்தைக் கொண்டு கல்லைப் படித்து, அக்கல்லைக் கொண்டே இலக்கியத்துக்குக் காலம் கணித்தல் வட்டமாகச் சுற்றுவதன்றோ என்று ஒரு மாணவர் வினவக்கூடும். நல்ல வினா. கல் நாம் வேண்டியதையெல்லாம் சொல்லுமாயின் அது வட்டமே. ஆனால் அக்குகையைப் பெற்றவர் யாற்றூர்ச் செங்காயபன் என்னும் சமணத் துறவி என்றும் அதே கல் கூறுகிறது; சேரரைத் தேடிச் சென்றவர் எவரும் அப்பெயரைக் கையோடு கொண்டு சென்றிலர்.

அரசரைத் தேடியவர்க்கு அரசர் கிடைத்தனர். அழகர்மலைக் குகையிலோ உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் ஆகியோர் இருக்கின்றனர். மாங்குளத்தில் வெள்ளறை நிகமத்தார் இருக்கின்றனர். உப்பும் கலப்பைக் கொழுவும் துணியும் விற்றோர் துறவியர்க்குக் கொடை வழங்கும் அளவுக்கு எவ்வாறு பொருள் ஈட்டினர், அப்பொருளை விளைத்த உழைப்பு யாருடையது என்று கேட்பவனுக்கே இப்பெயர்கள் வரலாற்றுச் சான்றாகும். முடிமன்னர் வரிசையையே வரலாறெனக் கொண்ட நம் பாடநூல்கள் இவர்களை நெடுங்காலம் கண்டும் காணாதே கடந்தன.

இன்றைய பூசல் காலத்தைப் பற்றியது. அசோகனுக்குப் பின்னரே துறவியர்வழி எழுத்துத் தெற்கே வந்தது என்பது மகாதேவனின் கொள்கை. 2009இல் பழனியை அடுத்த பொருந்தலிலே கா. ராஜன் அகழ்ந்த ஈமக்குழியில், எழுத்துப் பொறித்த தாங்கியோடு நெல்லும் கிடைத்தது. நெல்லின் காலம் கி.மு. 490 அளவினதெனக் கணிக்கப்பட்டது. நெல்லின் வயது எழுத்தின் வயதாகுமா என்று ஐயுறுவோர் உளர். அநுராதபுரத்திலும் அசோகனுக்கு முற்பட்ட மண்படையிற் பிராமி கீறிய ஓடுகள் கிடைத்தனவென அகழ்ந்தோர் அறிவித்தனர். இரண்டிடத்தும் வினா ஒன்றே: எழுத்துள்ள பொருளும் காலங்கணித்த பொருளும் ஒரே வேளையில் மண்ணுட் புதைந்தனவா என்பது. ஆனால் அநுராதபுரத்து ஓட்டுக்கு ஒரு துலாக்கோலும் பொருந்தல் நெல்லுக்கு வேறொரு துலாக்கோலும் வைத்திருப்போர் நம் நாட்டில் இரு மொழியினரிடையும் உளர்.