மணமும் வாய்மையும்

அண்ணாமலையார் தலத்தின் தலமரம் மகிழம். வைகறையில் தானே உதிரும் அதன் சிறுமலர், உலர்ந்த பின்னும் மணம் குன்றாது. அயன் முடி கண்டதாகப் பொய்ச்சான்று உரைத்த தாழம்பூவோ, பெருமணம் உடையதாயினும் பூசைக்கு ஆகாதென விலக்கப்பட்டது. மணத்தினும் வாய்மையே பெரிது என்பது இதனாற் பெறப்படும்.

மலர்ப்பணி நம் சமயத்தில் தொன்மையானது. திருப்புகலூர் முருக நாயனார் வைகறையில் நீராடி, கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகை மலரும் கொய்து, மாலை தொடுத்துச் சாத்திய திறத்தைச் சேக்கிழார் பெருமான் 12ஆம் நூற்றாண்டில் பாடியருளினார். சோழர் காலக் கல்வெட்டுகள் பல, திருநந்தவனத்திற்கு நிலமும், அதனைப் பேணுவார்க்குச் சீவிதமும் அளித்தமையை உரைக்கின்றன. செடி வாடாதிருக்க வேண்டுமாயின், நீர் இறைப்பவன் வயிறு வாடலாகாது என்பதை முன்னோர் உணர்ந்திருந்தனர்.

இன்றோ, சந்நிதித் தெருவில் வாங்கும் ஒரு முழப் பூவோடு நம் பணி முடிந்துவிடுகிறது. நிலம் இல்லை என்பார் பலர். முல்லைக்கு ஒரு தொட்டியும் சிறு பந்தலும் போதும். பவளமல்லிக்குக் கிணற்றடி ஓரம் போதும். நாள்தோறும் ஒரு குடம் நீர் வார்ப்பதே நாம் இயற்றத்தக்க திருத்தொண்டு. பூத்ததை முகராமல் கொய்து, முதலில் அவனுக்குச் சாத்துங்கள். கழற்சிங்கர் தேவியார் திருவாரூரில் பூ மோந்த வரலாறு நமக்கு என்றும் நினைவில் நிற்பதாக!

திருச்சிற்றம்பலம்.