முட்டையைத் தேடியவர்கள்

இங்கிலாந்து மன்னன் முதலாம் சாள்ஸ் வேட்டையாடிய மான்களை மருத்துவர் வில்லியம் ஹார்வி அறுத்தாராய்ந்தார். புணர்ச்சிக்காலம் தொடங்கிப் பல நாள்கள் சென்றும் கருப்பையில் அவர் கண்ணுக்கு எதுவும் புலப்படவில்லை. உயிர்கள் யாவும் முட்டையினின்றே தோன்றுவன என்னும் கருத்தை 1651 இல் நூலாக வெளியிட்ட அவர், பாலூட்டிகளின் முட்டையைக் காணாமலே மறைந்தார்.

1672 இல் ஒல்லாந்து மருத்துவர் டி கிராவ், சூலகத்திலுள்ள நீர்க்கொப்புளங்களே முட்டைகள் எனக் கருதினார். முயல் புணர்ந்த மூன்றாம் நாள் சூலகக் குழாயில் நுண்ணிய உருண்டைகளையும் கண்டார். ஆயின், அவை கொப்புளங்களிலும் மிகச் சிறியனவாயிருந்தன. சூலகத்தை விட்டு நீங்கிய முட்டை சுருங்குமோ? எதிர்ப்போர்க்கு இவ்வினாவே படைக்கலமாயிற்று.

விடை கிடைக்க 155 ஆண்டுகள் சென்றன. 1827 இல் கோனிக்ஸ்பேர்க் நகரில் வொன் பேயர் ஒரு பெண்நாயின் சூலகத்தை ஆராய்ந்தபோது, கொப்புளமொன்றினுள்ளே மஞ்சள் நிறப் புள்ளியைக் கண்டார். அதனை நுணுக்குக்காட்டியில் நோக்கியவர் மின்னல் தாக்கினாற்போலப் பின்வாங்கினாராம். கொப்புளம் வெறும் உறை. முட்டை அதனுள்ளே இருந்தது! டி கிராவ் குழாயிற் கண்டவையும் மெய்யே.

மனித முட்டையின் விட்டமோ ஏறத்தாழ 0.1 மில்லிமீற்றர். அது குழாயிற் கருக்கட்டி, இரண்டாய், நான்காய், எட்டாய்ப் பிரிந்தவாறே நகர்ந்து, ஏறத்தாழ நான்கு நாள்களிற் கருப்பையை அடைகின்றது. விந்தின் கருவும் முட்டையின் கருவும் ஒன்றாவதை 1876 இல் ஒஸ்கார் ஹேர்ட்விக் கண்டது கடல் முள்ளெலியின் முட்டையில். அது கண்ணாடி போன்று தெளிவானது.