கூலி: ஊதியம் இழிபெயரான வரலாறு



ஆங்கிலத்தில் வழங்கும் ‘கூலி’ என்னும் சொல், குஜராத்தின் கோலி இனப்பெயரிலிருந்து வந்தது என்பர் சிலர். நம் தமிழ்ச்சொல்லே அதன் மூலம் என்பர் வேறு சிலர். தமிழில் கூலி என்பது உழைப்பவர் பெறும் ஊதியம்; ஆங்கிலத்திலோ அது உழைப்பவரையே சுட்டும் இழிபெயராயிற்று.

1931 கணக்கெடுப்பின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். 1930 மே மாதம், பெரும்பாலும் தெலுங்கரான துறைமுகத் தொழிலாளர் ஊதிய உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுக்கு மாற்றாக அமர்த்தப்பட்ட பர்மியர், உடன்பாடு ஏற்பட்டதும் விலக்கப்பட்டனர். கூலி கேட்டோரும் கூலி இழந்தோரும் மோதினர், பலர் மாண்டனர்.

திராட்சைத் தோட்ட உவமையில், நிலக்கிழார் கூலியையும் கொடுத்தார். முணுமுணுத்த வேலையாளைத் தோழர் என்றும் விளித்தார்.

‘கூலிகள்’ எனப்பட்டோரின் வழிவந்த நாம், இன்று நம் இல்லங்களில் உழைப்போரை எப்பெயரால் அழைக்கிறோம்?