கொடும்பாவியும் கயிற்றுச் சாலையும்: பாஸ்டன் துறைமுகத்தின் தெரு அரசியல், 1737–1770

பாஸ்டன் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தேயிலை. 1773 டிசம்பர் 16 இரவு, மூன்று கப்பல்களில் இருந்த 342 பெட்டிகளை உடைத்துக் கடலில் கொட்டினார்கள் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். (அது சீனத் தேயிலை, இந்தியாவில் அன்றைக்குத் தேயிலைத் தோட்டம் ஏது?) அந்த இரவைப் பற்றி எழுதியது போதும். என் கேள்வி அதற்கு முந்தையது. வேறு சரக்கு எதையும் தொடாமல், உடைந்த பூட்டு ஒன்றுக்கு மாற்றுப் பூட்டும் கொடுத்துவிட்டுப் போகிற கூட்டம் ஒரே நாளில் உருவாகியிருக்காது. அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது? பிரதிநிதித்துவம் இல்லாமல் வரியா என்பது தலைவர்கள் எழுதிவைத்த விடை. தெருவின் விடை சந்தையில் தொடங்குகிறது.

பாஸ்டன் ஒரு தீபகற்பம். ஒடுங்கிய நிலத்துண்டு ஒன்றுதான் அதை உள்நாட்டோடு சேர்த்தது. 1710இல் கட்டத் தொடங்கிய லாங் வார்ஃப் இறங்குதுறை கடலுக்குள் வெகுதூரம் நீண்டதால், பெரிய கப்பல்களும் கிடங்கு வாசலிலேயே சரக்கு இறக்கின. உப்பிட்டு உலர்த்திய காட் மீனில் நல்லது ஸ்பெயினுக்குப் போகும். மட்டமானது மேற்கிந்தியத் தீவுகளில் கரும்புத் தோட்ட அடிமைகளுக்கு உணவாகும். அங்கிருந்து வரும் கரும்புப்பாகு பாஸ்டன் வடிசாலைகளில் ரம் ஆகும். 1742 கணக்கெடுப்பில் மக்கள் தொகை 16,382. அதில் கறுப்பினத்தவர் 1,374 பேர், பெரும்பாலும் அடிமைகள். விதவைகள் மட்டும் சுமார் 1,200 பேர். 1765இல் மொத்தம் 15,520 ஆகக் குறைந்துவிட்டது. பிலடெல்பியாவும் நியூயார்க்கும் வளர்ந்துகொண்டிருந்த அதே காலத்தில் இந்த ஊர் தேய்ந்தது.

சொத்துத் தகுதி உள்ள ஆண்கள் ஊர்க்கூட்டத்தில் கூடி நிர்வாகிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். தெருவில் திரியும் பன்றியைக் கண்காணிக்க ஓர் ஆள், வேலியைப் பார்வையிட ஓர் ஆள், விறகை அளக்க ஓர் ஆள் என்று பதவிகளுக்குக் குறைவில்லை. வாக்கு இல்லாதவர்களுக்கு மிஞ்சியது தெரு.

1730களில் ஊர்க்கூட்டம் மூன்று சந்தைக் கட்டடங்களுக்கு ஒப்புதல் தந்தது. நாட்டுப்புறத்தார் காய்கறியையும் இறைச்சியையும் வீடுவீடாகக் கொண்டுவந்து விற்கும் வழக்கம் ஒழிந்து, எல்லாம் ஓரிடத்தில் குவிந்தால் விலை பெருவியாபாரி கைக்குப் போய்விடும் என்று ஏழைகள் அஞ்சினார்கள். 1737இல் ஒரு நாள் இரவு டாக் சதுக்கச் சந்தையை இடித்துத் தள்ளினார்கள். இடித்தவர்களில் சிலர் பாதிரியார் வேடத்தில் வந்திருந்தனர். முகம் மறைத்தல், இரவு நேரம், இலக்கு எதுவோ அதை மட்டும் இடித்தல்: பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் அச்சு இங்கேயே வார்க்கப்பட்டுவிட்டது. அதன் பிறகும் வணிகர் பீட்டர் ஃபானுவேல் தம் செலவில் சந்தை மண்டபம் கட்டித்தர முன்வந்தார். அவருடைய செல்வத்தில் அடிமை வணிகத்துக்கும் பங்கு உண்டு. 1740இல் ஊர்க்கூட்டம் அந்தக் கொடையை ஏற்றது, 367க்கு 360 என்ற கணக்கில். இலவசமாக வந்த கட்டடத்துக்கு ஏழே வாக்கு வித்தியாசம்!

அடுத்த கட்டம் பிரிட்டிஷ் கடற்படையால் வந்தது. 1747 நவம்பர் 17 விடியற்காலையில் தளபதி சார்லஸ் நோல்ஸின் படகுகள் துறைமுகத்தில் புகுந்து 46 பேரைக் கட்டாய ஆட்பிடிப்பில் இழுத்துப் போயின. அன்றே ஆயிரக்கணக்கானோர் திரண்டு, கரையில் இருந்த கடற்படை அதிகாரிகளைப் பிணையாகப் பிடித்தார்கள். அரசாங்கம் கூடும் டவுன் ஹவுஸின் சன்னல்களை நொறுக்கினார்கள். கடற்படையுடையது என்று நினைத்து ஒரு படகைத் தெருவழியே இழுத்து வந்து எரித்தார்கள். அது ஒரு ஸ்காட்லாந்துக் கப்பலின் படகு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆளுநர் வில்லியம் ஷெர்லி குடிப்படையை அழைத்தார், யாரும் வரவில்லை. குடிப்படையில் இருக்க வேண்டியவர்களே கூட்டத்தில் நின்றபோது யார் வருவார்கள்? ஷெர்லி துறைமுகத் தீவுக் கோட்டைக்குப் போய்விட்டார். கடற்படை இழுத்துப் போனவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள்.

இதற்குப் பின் ஊர்க்கூட்டம் செய்ததுதான் கவனிக்கத்தக்கது. கலவரத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு, பழியை அயலூர் மாலுமிகள், வேலைக்காரர்கள், கறுப்பர்கள், கீழ்மக்கள் தலையில் கட்டியது. அதற்கு நேர் எதிராக, 1748இல் சாமுவேல் ஆடம்ஸும் நண்பர்களும் தொடங்கிய ஒரு செய்தித்தாள், மக்கள் தங்களைத் தற்காத்துக்கொண்டதில் தவறில்லை என்று வாதாடியது. உரிமை பற்றிய பேச்சு தெருவுக்குப் பின்னால் வந்தது, முன்னால் அன்று என்பதே என் கருத்து.

திருவிழாவும் இதில் சேரும். ஆண்டுதோறும் நவம்பர் 5 அன்று ஊரின் வடகோடியாரும் தென்கோடியாரும் போப்பும் சாத்தானுமாகக் கொடும்பாவி கட்டி வண்டியில் இழுத்து வருவார்கள். நடுவில் சந்தித்தால் கைகலப்பு, மண்டை உடையும். 1764இல் வண்டிச் சக்கரத்தில் சிக்கி ஒரு சிறுவன் இறந்தான். தென்கோடியின் தலைவர் எபனேசர் மக்கின்டாஷ் செருப்புத் தைப்பவர். பிரிட்டன் விதித்த முத்திரைத்தாள் வரியை எதிர்க்க நடுத்தர வணிகர்களும் வடிசாலைக்காரர்களும் ஓர் அச்சகத்தாரும் தேடிப்போனது அவரைத்தான். 1765 ஆகஸ்ட் 14 அன்று வரி அலுவலர் ஆண்ட்ரூ ஆலிவரின் கொடும்பாவி ஓர் எல்ம் மரத்தில் தொங்கியது. ஆள் மாறியது, பொம்மை கட்டிய கை மாறவில்லை. 26ஆம் தேதி துணை ஆளுநர் தாமஸ் ஹச்சின்சன் வீடு சூறையானபோது, ஏவிவிட்டவர்களே நடுங்கிப்போனார்கள். அந்த ஆண்டு நவம்பர் 5இல் இரு கோடியாரும் சண்டையின்றி ஒன்றாக ஊர்வலம் போனார்கள்.

1768இல் பிரிட்டிஷ் பட்டாளம் வந்து இறங்கியது. சம்பளம் போதாத சிப்பாய்கள் ஓய்வு நேரத்தில் குறைந்த கூலிக்கு வேலை தேடினார்கள். 1770 மார்ச் 2 அன்று ஜான் கிரேயின் கயிற்றுச் சாலைக்கு ஒரு சிப்பாய் போனான். வேலை வேண்டுமா என்று கேட்டான் ஒரு தொழிலாளி. வேண்டும் என்றதும், என் கழிப்பிடத்தைச் சுத்தம் செய் என்றான். சிப்பாய் தோழர்களைக் கூட்டி வந்தான். கயிறு முறுக்கும் கழிகளும் தடிகளும் மோதின. மூன்று நாள் கழித்துச் சுங்க அலுவலகத்தின் முன் பட்டாளம் சுட்டதில் ஐவர் இறந்தார்கள். அவர்களில் சாமுவேல் கிரே கயிற்றுச் சாலைத் தொழிலாளி.

சிப்பாய்களுக்காக வாதாடிய ஜான் ஆடம்ஸ், சுடப்பட்ட கூட்டம் துடுக்குப் பையன்கள், கறுப்பர்கள், ஐரிஷ்காரர்கள், அயலூர் மாலுமிகள் என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1747 தீர்மானத்தின் அதே பட்டியல். அவர் வகைப்படுத்தியதில் பிழையில்லை. அதைப் பழியாகச் சொன்னதில்தான் இருக்கிறது.

இறந்தவர்களில் கிறிஸ்பஸ் ஆட்டக்ஸும் ஜேம்ஸ் கால்டுவெல்லும் மாலுமிகள். ஆட்டக்ஸ் ஆப்பிரிக்க, செவ்விந்திய வழியில் வந்தவர். சாமுவேல் கிரே போன்றவர்களின் உடல்கள் வீடுகளிலிருந்து புறப்பட்டன. ஆட்டக்ஸுக்கும் கால்டுவெல்லுக்கும் ஊரில் வீடு இல்லை. அதனால் அவர்களைக் கிடத்தியிருந்தது, முப்பது ஆண்டுகளுக்கு முன் ஏழு வாக்கில் தப்பிய அந்த ஃபானுவேல் மண்டபத்தில்.