கைஸ் சயீத்: அரசியலமைப்பைக் கற்பித்தவர், அதை மாற்றி எழுதியவர்

துனீசிய அதிபர் கைஸ் சயீத் கட்சி அரசியலில் வளர்ந்தவர் அல்லர். 1958-இல் துனிஸ் நகரில் பிறந்த அவர், 1986 முதல் சூஸா நகரிலும் 1999 முதல் 2018 வரை தலைநகர் துனிஸிலும் அரசியலமைப்புச் சட்டம் கற்பித்தவர்.

2011 மக்கள் எழுச்சிக்குப் பின் புதிய அரசியலமைப்பு உருவானபோது, தொலைக்காட்சியில் அதை விளக்கிப் பேசியே அவர் வீடுதோறும் அறிமுகமானார். இலக்கணச் சுத்தமான அரபியில் முகபாவம் மாறாமல் பேசுவதால் ‘ரோபோகாப்’ என்ற பட்டப்பெயரும் வந்தது. கட்சி எதுவும் இன்றி 2019 அதிபர் தேர்தலில் நின்றவருக்கு இரண்டாம் சுற்றில் 72 விழுக்காட்டிற்கும் அதிகமான வாக்குகள் கிடைத்தன.

2021 ஜூலை 25 அன்று அவர் பிரதமரை நீக்கி, நாடாளுமன்றத்தை முடக்கினார். அதற்கு அவர் காட்டியது அரசியலமைப்பின் 80-ஆம் பிரிவு. நெருக்கடி நேரத்தில் சிறப்பு அதிகாரம் தந்த அப்பிரிவு, நாடாளுமன்றம் தொடர்ந்து அமர்வில் இருக்க வேண்டும் என்றும் சொன்னது. இந்த முரண்பாட்டை விசாரிக்க வேண்டிய அரசியலமைப்பு நீதிமன்றமோ அமைக்கப்படவே இல்லை. கட்சிகள் அதன் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்காமல் ஆண்டுக்கணக்கில் இழுத்தடித்தன. அதை எளிதாக்கும் சட்டத் திருத்தம் 2021-இல் வந்தபோது கையெழுத்திட மறுத்தவர் சயீத்.

புதிய அரசியலமைப்பை வரைய அவர் நியமித்த குழுவின் தலைவர் ஸாதிக் பல்ஈத், சயீதுக்குச் சட்டம் கற்பித்த ஆசிரியர். 2022-இல் வெளியான வரைவைப் பார்த்த அந்த ஆசிரியரே, அது தமது குழு எழுதியது அல்ல என்று பகிரங்கமாக மறுத்தார். ஆயினும் அது வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 94 விழுக்காட்டைத் தாண்டியது. வாக்களிக்க வந்தவர்களோ மூன்றில் ஒரு பங்கினரும் இல்லை. நாட்டின் மார்க்கம் இஸ்லாம் என்ற பழைய வாசகம் நீக்கப்பட்டு, துனீசியா இஸ்லாமிய உம்மத்தின் ஓர் அங்கம் என்றும், இஸ்லாத்தின் உயர் நோக்கங்களை நிறைவேற்றும் பொறுப்பு அரசுக்கு மட்டுமே உரியது என்றும் எழுதப்பட்டது.

அதே ஆண்டு 57 நீதிபதிகள் பதவிநீக்கம் செய்யப்பட்டனர். 2023-இல் நஹ்ழா கட்சித் தலைவரும் முன்னாள் சபாநாயகருமான ராஷித் கன்னூஷி கைதானார். 2024-இல் சயீத் மீண்டும் அதிபரானார்.

சட்டம் அறிந்தவர் ஆட்சிக்கு வந்தால் நீதி தானாக வந்துவிடும் என்று நாம் எண்ணிவிடுகிறோம். ஆட்சியாளரையும் கேள்வி கேட்கும் நீதிமன்றம் இல்லாத இடத்தில், சட்ட அறிவும் அதிகாரத்தின் கருவியாகிவிடலாம். துனீசியாவிலிருந்து நாம் பெறும் படிப்பினை இதுவே.