மேளமின்றி மேளம் பயிலுதல்

ஒரு வாத்தியத்தின் வரலாற்றை ஆராய்வோர் பெரும்பாலும் அவ்வாத்தியத்திலிருந்தே தொடங்குவர். அதன் கூடு எம்மரத்தாலானது, அதன் முகத்திற்கு எத்தோல் போர்த்தப்பட்டது, அரசவையில் ஒலித்ததா, ஆலயத்தில் ஒலித்ததா என்பன போன்ற வினாக்களே முதலில் எழும். ஆனால் மேளத்திற்கு முந்திய வரலாறொன்றும் உண்டு. மேளம் அடிப்பவனின் கை, மேளத்தைத் தொடுவதற்கு முன்னரே எங்கோ பழகிக் கொள்கிறது. தொடையிலும், மரக்கட்டையிலும், வெறும் வாய்ச்சொல்லிலும் பழகிய பின்னரே அது தோலின் மேல் அமர்கிறது. விலை கொடுத்து மேளம் வாங்க இயலாதவரும் மேளம் கற்றது இவ்வழியாலேயே. இன்று கடைகளிற் காணப்படும் இறப்பர்ப் பயிற்சிப் பலகை, இந்த நெடிய வழக்கத்தின் புதியதொரு வடிவமேயன்றி வேறன்று. மலிவான பலகையொன்றைத் தேர விரும்புவோர்க்கு விலைப்பட்டியலைக் காட்டிலும் இவ்வரலாறே நல்ல வழிகாட்டியாகும்.

இதனை விளங்கிக் கொள்வதற்கு யட்டவத்தப் பகுதியைக் காட்டிலும் பொருத்தமான இடம் அரிது. மாத்தளை மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகளுள் ஒன்றாகிய யட்டவத்த, மாத்தளை நகருக்கு வடமேற்கே அமைந்துள்ளது. 'கீழ்த்தோட்டம்' என்பது அச்சிங்களப் பெயரின் பொருள். வயலும் வாசனைப் பயிர்த் தோட்டமும் சூழ்ந்த சிங்களக் கிராமங்களும், தமிழ்த் தொழிலாளர் வாழும் தோட்டக் குடியிருப்புகளும் இவ்வட்டாரத்தில் அருகருகே உள்ளன. ஆகவே கண்டி நாட்டு மேளம், தோட்டத்துத் தப்பு, மாத்தளைக் கோயில் வீதியிலிருந்து எழும் தவில் என மூவகை முழக்கங்களை ஒரே காற்றிற் கேட்கும் வாய்ப்பு இங்குண்டு.

முதலாவது, கண்டி நாட்டு மேளமாகிய 'கெட்ட பெரய'. நடுவிற் பருத்து இரு முனையும் ஒடுங்கிய இம்மேளம் பலா, வேம்பு, கொன்றை முதலிய மரங்களிற் குடையப்படுவது. வலப்பக்கத்தில் மெல்லிய தோலும் இடப்பக்கத்தில் தடித்த மாட்டுத் தோலும் போர்த்தப்பட்டிருத்தலால் ஒரே வாத்தியத்தில் இருவேறு நாதங்கள் பிறக்கின்றன. கண்டி அரசர் காலத்தில், விகாரைகளிலும் தேவாலயங்களிலும் மேளம் முழக்கும் குடும்பங்கள் அச்சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தன. இராசகாரியம் எனப்பட்ட கட்டாயச் சேவை 1832ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்ட போதும், கோயில் நிலங்களுக்கு அவ்விதி பொருந்தவில்லை. ஆதலால் மேளம் தந்தையிடமிருந்து மைந்தனுக்கு உரிமைப் பொருளாகவே வந்தது. அம்மரபிற் பிறவாதவனுக்கு மேளமுமில்லை, ஆசானுமில்லை.

அம்மரபிலே பிறந்த சிறுவனும் எடுத்த எடுப்பிலேயே மேளத்தைத் தோளில் மாட்டுவதில்லை. தத், ஜித், தொங், நங் என்னும் நான்கு அடிப்படைச் சொற்களை முதலில் வாயாற் சொல்லப் பழகுகிறான். மிருதங்கம் கற்கும் தமிழ் மாணவனின் முதற்பாடம் த, தி, தொம், நம் என்பது. இரு மொழி, இரு மேளம், இரு மரபு. ஆயினும் முதற்பாடம் ஏறக்குறைய ஒன்றே. வாயாற் சொல்ல முடியாத சொல்லைக் கையால் அடிக்க முடியாது என்பது இரு தரப்பு ஆசான்மாரும் கொண்ட கொள்கை. மாத்தளைக்கு அருகிலுள்ள அலுவிகாரையிலேதான், பல தலைமுறைகளாக வாய்மொழியாய் ஓதப்பட்டு வந்த பௌத்தத் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதப்பட்டதென்பது மரபு. எழுத்துக்கு முன் நாவே ஏடாக இருந்தது. மேளக்காரருக்கும் நாவே முதற் பயிற்சிப் பலகை. அதற்கு விலை ஏதுமில்லை.

இரண்டாவது, தப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலைநாட்டில் கோப்பித் தோட்டங்கள் பெருகியபோது, தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையைக் கடந்து மாத்தளைக்கு நடந்தே வந்தனர். பசியும் வாந்திபேதியும் அவ்வழியிற் பலரைப் பலி கொண்டன. கண்டியிலிருந்து மாத்தளைக்கு இரயில் பாதை அமைந்தது 1880ஆம் ஆண்டில்தான். அவ்வாறு நடந்து வந்தோர் கொண்டு வந்த செல்வங்களுள் ஒன்று தப்பு. பாரமற்ற மரவளையமும் ஒரு பக்கத் தோலும் இரு குச்சிகளுமே அதன் உறுப்புகள். வலக்கையில் தடித்த குறுங்குச்சி, இடக்கையில் மெல்லிய நீண்ட மூங்கிற் குச்சி என இரண்டும் நீளத்தாலும் கனத்தாலும் வேறுபட்டவை. ஒன்று அடித்து முழக்க, மற்றையது இடைவெளிகளைச் சுண்டி நிரப்பும்.

தோட்டத்தில் இத்தப்பு விடியற்காலையில் வேலையாட்களை எழுப்பிப் பிரட்டுக்கு அழைக்கும் கருவியாயிற்று. காமன் கூத்துக்கும், அருச்சுனன் தபசுக்கும், பொன்னர் சங்கர் கதைக்கும் அதுவே பக்க வாத்தியம். சாவீட்டிலும் அதுவே ஒலித்தது. அழைப்பும், கூத்தும், அழுகையும் ஒரே தோலிற் பிறந்தன. மலையக மக்களின் பாடல்களைத் திரட்டிய ஸி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்றோரின் எழுத்துகளில் தோட்ட வாழ்வோடு தப்பின் முழக்கமும் பிரிக்கவியலாதபடி கலந்திருப்பதில் வியப்பில்லை.

தப்புக்கு மலைநாட்டில் ஒரு பெரும் பகை உண்டு, அது மழை. ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிடும். ஆகவே அடிப்பதற்கு முன் தீ மூட்டி, தோலைக் காய்ச்சி, சுருதி ஏற்ற வேண்டும். விழாவுக்கு இவ்வாறு செய்யலாம். நாள்தோறும் ஒரு சிறுவனின் பயிற்சிக்காக விறகு எரிப்பது எளிதன்று. இரண்டாவது இடையூறு குடியிருப்பின் அமைப்பு. தோட்டத்து வீட்டுவரிசையை மக்கள் 'லயம்' என்பர். இசையிலே லயம் என்பது காலத்தின் ஒழுங்கு. தோட்டத்திலே லயம் என்பது ஒரே கூரையின் கீழ், ஒரே சுவரைப் பங்கிட்டு நிற்கும் சிற்றறைகளின் வரிசை. ஓர் அறையில் ஒலிப்பது அடுத்த அறையிலும் கேட்கும். நாள் முழுதும் மலையேறி இறங்கியோர் உறங்கும் அவ்விடத்தில், ஓசை குறைந்த பயிற்சியே இயலும் பயிற்சி. ஒரு லயத்தில் மற்றொரு லயத்தைக் கற்க வேண்டுமானால், தோலை விடுத்துப் பலகையை நாட வேண்டியதே.

மூன்றாவது, தவில். மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவில் நாதசுரத்தோடு முழங்கும் இவ்வாத்தியம் பலாமரக் கூட்டாலானது. ஒரு புறத்தைக் கழியாலும், மறுபுறத்தைக் கூடு அணிந்த விரல்களாலும் முழக்குவர். இதனைக் கற்போர் மரக்கட்டையின் மேற் கழியும் விரலும் கொண்டு நீண்ட நேரம் சாதகம் செய்வதுண்டு. கட்டையிலே நாதம் இல்லை. ஆதலால் நாதத்தின் இனிமையில் மயங்கிப் பிழையை மறக்கவும் வழியில்லை. அடி சமமாக விழுந்ததா, கால் மாத்திரை பிந்தியதா என்பதைக் கட்டை ஒளிக்காமற் சொல்லிவிடும். யாழ்ப்பாணத்து இணுவிலிற் பிறந்து, ஈழத்திலும் தமிழகத்திலும் பெரும்புகழ் எய்திய தவில் மேதை தெட்சணாமூர்த்தி (1933–1975) போன்றோரின் வேகமும் தெளிவும் மேடையிற் பிறந்தவையல்ல; அளவற்ற சாதகத்திற் பிறந்தவை.

மேலைநாட்டிலும் கதை இதுவே. படைகளிற் பக்க மேளம் அடித்த இளைஞர், படுக்கும் கொட்டகையில் மேளத்தை முழக்க இயலாமையால் மரப்பலகையிற் பழகினர். பின்னர், சாய்வான மரத்துண்டின் மேல் இறப்பர்த் தகடொன்றைப் பதித்த பலகை கடைகளுக்கு வந்தது. 1933ஆம் ஆண்டில் அமெரிக்க மேளக்காரர் சங்கமொன்று 13 அடிப்படை அடிகளை இன்றியமையாதவை என வகுத்தது. நியூயோர்க்கிலுள்ள ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் மேளம் வாசித்த பில்லி கிளாட்ஸ்டன் என்பாரின் பெயரால் ஓர் இறப்பர்ப் பலகை இன்றும் வழங்குகிறது. 1957ஆம் ஆண்டளவில் ரெமோ பெல்லி முதலியோர் செயற்கைத் தோலைச் சந்தைக்குக் கொணர்ந்தனர். கன்றுத் தோல் ஈரத்தில் தளர்கிறதே என்ற குறையே அவர்களைத் தூண்டியது. மாத்தளைத் தப்புக்காரர் தீயினால் தீர்த்த அதே குறையை அவர்கள் இரசாயனத்தினால் தீர்த்தனர்.

அப்பலகையின் மேலிருக்கும் இறப்பரும் இலங்கைக்கு அந்நியமன்று. சார்ல்ஸ் குட்இயர் 1839ஆம் ஆண்டில் கந்தகமும் வெப்பமும் சேர்த்து இறப்பரை உறுதியாக்கும் முறையைக் கண்டார். அதற்கு முன் அது வெயிலில் இளகி, குளிரில் விறைத்துப் பயனற்றுப் போகும். ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த விதைகளை இலண்டன் கியூப் பூங்காவில் முளைக்கவைத்து, ஏறத்தாழ 1,900 கன்றுகளை 1876ஆம் ஆண்டில் இலங்கைக்கு அனுப்பினர். கம்பஹாவுக்கு அருகிலுள்ள ஹெனரத்கொடையில் அவை நடப்பட்டன. கோப்பிப் பயிரை 1869ஆம் ஆண்டிற் தோன்றிய இலைநோய் அழித்தபின், மலைநாட்டின் உயர்ந்த சரிவுகளில் தேயிலையும், மாத்தளை போன்ற இடங்களின் தாழ்ந்த சரிவுகளிற் கொக்கோவும் இறப்பரும் இடம்பெற்றன. விடியுமுன் மரத்தைச் சீவிப் பால் எடுத்த கைகளும், விடியுமுன் தப்பு முழக்கிய கைகளும் ஒரே சமூகத்தின் கைகளே. அந்தப் பால் உறைந்து, கடல் கடந்து, பலகையாகித் திரும்பி வரும்போது, அதை வாங்கும் ஆற்றல் அச்சமூகத்துப் பிள்ளைக்கு இல்லாமற் போவது வரலாற்றின் கசப்பான நகை.

ஆயினும் அப்பிள்ளைக்கு வழி அடைந்துவிடவில்லை. பலகையைத் தேர்வதற்குரிய அளவுகோல்கள் விலையிலோ பெயரிலோ இல்லை. முதலில் நோக்க வேண்டியது துள்ளல். குச்சியைத் தளர்வாகப் பிடித்து ஒருமுறை விழவிட்டால், அது மேளத்தின் தோலில் எழுவதைப் போல எழ வேண்டும். மிகுதியாகத் துள்ளும் பலகை, கையின் வேலையைத் தானே செய்து மாணவனை ஏமாற்றும்; துள்ளலே இல்லாத பலகை மணிக்கட்டை நோகச் செய்யும். இரண்டாவது, நிலைபேறு: அடிக்கும்போது நகரும் பலகையில் அடி சமமாக விழாது. அடியில் இறப்பர் ஒட்டியதோ, கனத்த மரமோ வேண்டும். மூன்றாவது, ஓசை: பக்கத்து அறைக்குக் கேளாததாயும், அடிப்பவனுக்குத் தெளிவாய்க் கேட்பதாயும் இருத்தல் வேண்டும். அளவைப் பொறுத்தவரை, 6 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை பலகைகள் விற்கப்படினும், இரு குச்சிகளாற் பழகுவோனுக்கு 8 அங்குலம் போதும். அகலம் கூடக் கூடப் பணமே கூடும். பயன் அவ்வளவாகக் கூடாது.

இம்மூன்று குணங்களையும் வீட்டிலே செய்த பலகையிலும் காணலாம். தடித்த மரத்துண்டின் மேல் கால் அங்குலக் கனமுள்ள இறப்பர்த் தகட்டை ஒட்டினால் அதுவே பலகை. பழைய வாகனச் சக்கரத்தின் உட்குழாயை வெட்டி இரண்டு மூன்று மடிப்பாக ஒட்டினாலும் தொடக்கப் பயிற்சிக்கு உதவும். பாடசாலை வாத்தியக் குழுவிற் சேர விரும்பும் மாணவன், தன் முறை வந்து மேளம் கைக்குக் கிட்டும் வரை இதிலே பழகலாம்.

எந்த மேளத்துக்கு எந்தப் பலகை என்பதையும் அறிதல் வேண்டும். இரு சமமான குச்சிகளால் அடிக்கும் பாடசாலைப் பக்க மேளத்துக்கு இறப்பர்ப் பலகை முழுவதும் பொருந்தும். தப்புக்கும் பொருந்தும், ஆனால் தப்புக்குரிய சமமற்ற இரு குச்சிகளைக் கொண்டே பழகுதல் வேண்டும், இல்லையேல் இடக்கையின் சுண்டல் வாராது. தவிலிற் கழி பிடிக்கும் கைக்குப் பலகை உதவும். விரற் கைக்கு மரக்கட்டையே மேல். இரு கைகளாலும் நேரே தொட்டு வாசிக்கும் கண்டி மேளத்துக்கும் மிருதங்கத்துக்கும் இறப்பர் அதிகம் பயன்படாது. அவற்றுக்கு வாய்ச்சொல்லும் தொடையுமே ஏற்றவை. இவ்வேறுபாட்டை அறியாமல் விலை கூடிய பலகையை வாங்குவது, வயலுக்கு உரிய விதையை மலையில் விதைப்பதை ஒக்கும்.

பலகைக்கு ஓர் எல்லையும் உண்டு. காலத்தையும் அடியின் சமத்தையும் அது கற்பிக்கும்; நாதத்தைக் கற்பிக்காது. தோலின் நடுவில் அடித்தால் எழும் ஆழமும், விளிம்பில் அடித்தால் எழும் கூர்மையும் மேளத்திலேதான் உண்டு. ஆதலால் கற்போன் ஒருநாள் மேளத்துக்கு வந்தே தீர வேண்டும்.

அவ்வாறு வருவதற்குப் பணம் மட்டுமே தடையாக இருந்ததில்லை. தோட்டத்திலே சாவீட்டில் தப்பு அடிப்பது குறிப்பிட்ட ஒரு சாதியாரின் கடமை என்று ஒதுக்கப்பட்டது. சிங்களக் கிராமத்திலே மேளம் அடிக்கும் பெரவா குலத்தாரும் தாழ்ந்தோர் எனவே கருதப்பட்டனர். மேளம் இல்லாமல் விழாவும் இல்லை, வழிபாடும் இல்லை. ஆயினும் மேளம் தொட்ட கையை ஒதுக்கி வைத்தனர். அவமானம் தாங்காது தந்தையின் வாத்தியத்தைக் கைவிட்ட மைந்தர் இரு சமூகங்களிலும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிற் கண்டி நடனமும் மேளமும் பாடசாலைக்கு வந்ததும், அண்மைப் பத்தாண்டுகளில் தமிழகத்திலும் மலையகத்திலும் பறையும் தப்பும் கலைமேடைக்கு வந்ததும் அந்நிலையை ஓரளவு மாற்றியுள்ளன.

இங்கேதான் பலகைக்கு ஒரு சிறப்பு வாய்க்கிறது. மேளத்துக்குக் குலம் கற்பித்தோர் மரப்பலகைக்குக் குலம் கற்பிக்கவில்லை. யட்டவத்தைக் கிராமத்துச் சிறுமியும், அயலிலுள்ள லயத்துச் சிறுவனும் ஒரே வகையான பலகையில் ஒரே நான்கு சொற்களைத் தொடங்கலாம். எவரும் அவர்களை இன்னாரென்று பிரித்தறிய மாட்டார். தம் பிள்ளைக்கு மேளம் வாங்கப் பணமில்லையே என வருந்தும் பெற்றோர், ஒரு மரத்துண்டையும் ஓர் இறப்பர்த் தகட்டையும், நாள்தோறும் அரைமணி நேர அமைதியையும் கொடுத்தாற் போதும். கை பழகிய பின் மேளம் தேடி வரும். பழகாத கைக்கு விலையுயர்ந்த மேளமும் வெறும் மரமும் தோலுமே.