ஈமத்து நறுமணம்: உரோமரும் பண்டைத் தமிழரும்

மயிலாப்பூருக்குத் தெற்கே அடையாற்றின் கழிமுகத்தைக் கடந்து, திருவான்மியூர், கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை என ஊர்கள் அடுத்தடுத்து அமைந்த கடற்கரை மாமல்லபுரம் வரை நீண்டு செல்கின்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி தம் நிலநூலிற் குறிக்கும் 'மலியார்பா' என்னும் வாணிகத்தலம் மயிலாப்பூரே என்று அறிஞர் பலர் கொள்வர். பாலாற்று முகத்திலுள்ள வசவசமுத்திரத்தில் 1970-ஐ ஒட்டி நிகழ்ந்த அகழாய்வில் யவனர் மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. இவ்விரண்டு இடங்களுக்கும் இடைப்பட்ட கரையிலே, 2011 வரை தனிச் சிற்றூராக இருந்து பின்னர்ச் சென்னை மாநகராட்சியோடு இணைந்த பாலவாக்கம் உள்ளது. இக்கரை உரோமர் கலங்கள் அறிந்த கரை என்பதில் ஐயமில்லை. ஆயின், இந்நாட்டுத் துறைகளிலிருந்து சென்ற மணப்பொருள்கள் உரோம நாட்டில் யார் மேனியிற் பூசப்பெற்றன, எந்நெருப்பில் இடப்பெற்றன என்னும் வினாவை நம் வரலாற்று நூல்கள் பெரும்பாலும் எழுப்புவதில்லை. ஈண்டு நாம் ஆராயப் புகுவது அதுவே.

தமிழக வாணிகத்தைப் பற்றி எழுதுவோர் தவறாது எடுத்துக்காட்டும் சான்று ஒன்று உண்டு. இந்தியாவும் சீனமும் அரேபியாவும் ஆண்டுதோறும் உரோமப் பேரரசிலிருந்து 10 கோடி செசுட்டர்சு பொன்னைக் கவர்ந்து செல்கின்றன என்று மூத்த பிளினி வருந்தியதே அது. இதனை எடுத்தாளுவோர், 'நம் ஆடம்பரத்துக்கும் நம் பெண்டிர்க்கும் நாம் கொடுக்கும் விலை' என்னும் பொருள்பட அவர் அடுத்துக் கூறுவதையும் சேர்த்துக்காட்டி, முத்தும் மிளகும் துகிலுமே உரோமப் பொன்னை ஈர்த்தன என்று முடிப்பர். பிளினியின் பன்னிரண்டாம் புத்தகத்தில் அப்பகுதியைத் தொடக்கத்திலிருந்து படிப்போர்க்கு வேறொன்று புலனாகும். அவர் அங்கே பேசத் தொடங்குவது சாவைப் பற்றி. தேவர்க்கென விளைந்தவை என்று முன்னோர் கருதிய நறும்புகைப் பொருள்களை மாந்தர் பிணங்களின்மேற் குவித்து எரிக்கின்றனர். அரேபியாவைச் 'செல்வமுடைய நாடு' ஆக்கியது சாவிலும் விடாத இச்செருக்கே என்பது அவர் கூற்று. நீரோ மன்னன் தன் மனைவி பொப்பீயாவின் இறுதிச் சடங்கு நாளில் எரித்த நறும்பொருள் அரேபிய நாட்டின் ஓராண்டு விளைவினும் மிகுதி என்று அறிந்தோர் உரைப்பதாகவும் அவர் எழுதுகின்றார். தேவர்க்கு ஒவ்வொரு மணியாகக் கிள்ளி இடுவதைப் பிணத்துக்குக் குவியலாக இடுகின்றனரே என்பது அவர் சினம். அதன் பின்னரே கடல்தரு முத்தைப் பற்றிய பேச்சும் 10 கோடிக் கணக்கும் வருகின்றன.

இதனால் அத்தொகை முழுதும் ஈமத்துக்கே சென்றது என்று நாம் கூறவில்லை. அவ்வாறு கூறுதல் பிளினியின் சொற்கு மாறாகும். அப்பொருள்களில் எத்துணைப் பங்கு தேவர்க்கோ கீழுலகத்தார்க்கோ சேர்கின்றது என்று அவரே இறுதியில் வினவுகின்றார். அவர் வெகுளியைக் கிளறிய முதற்பொருள் சவத்தின்மேல் எரிந்த நறும்புகை என்பதை மட்டும் மறத்தலாகாது. ஒரு சான்றின் வாலைப் பிடித்துக்கொண்டு தலையை விட்டுவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று.

பொப்பீயா இறந்தது கி.பி. 65-இல். அவள் உடல் உரோமர் வழக்கப்படி எரிக்கப்பெறவில்லை என்றும், அயல்நாட்டு மன்னர் முறையில் நறும்பொருள் திணித்துப் பதப்படுத்திச் சூலியர் கல்லறையில் வைக்கப்பெற்றது என்றும் தாசிட்டசு எழுதுகின்றார். இருவர் கூற்றும் முரண்படுவன அல்ல. உடலை எரியாமலே நறும்பொருளை எரித்திருத்தல் கூடும். அவளுக்கு நெடுங்காலம் முன்னரே, கி.மு. 78-இல் சல்லா என்னும் தலைவன் இறந்தபோது, பெருமாட்டியர் 210 பல்லக்குச் சுமை மணப்பொருள்களை அளித்தனர் என்றும், குந்துருக்கமும் இலவங்கமும் கொண்டு அவன் உருவமே சமைக்கப்பெற்றது என்றும் புளூட்டார்க்கு குறிப்பர். இச்செருக்கை அடக்க முயன்ற சட்டமும் பழமையானது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் பன்னிரு பலகைச் சட்டம், ஈமத்தில் விலையுயர்ந்த நறுநீர் தெளித்தலையும் நீண்ட மாலைகளையும் நறும்புகைப் பேழைகளையும் விலக்கியது என்பது சிசரோவின் நூலால் தெரிகின்றது. விலக்க வேண்டிய அளவுக்கு வழக்கம் வேரூன்றியிருந்தது என்பதே இதனாற் பெறப்படும்.

செல்வர்க்கு இலவங்கம், எளியோர்க்கு இலையும் பூவும். துக்க வீட்டின் வாயிலில் சைப்பிரசு மரக்கொம்பை நடுவது உரோமர் வழக்கம். அது கீழுலகத் தேவனுக்குரிய மரமாதலின் ஈமக்குறியாயிற்று என்பர் பிளினி. சிதையைச் சுற்றி அதனை வைத்தது பிணத்தின் தீநாற்றத்தை மறைத்தற்கே என்று வர்ரோ கூறியதாக ஓர் உரையாசிரியர் எடுத்துரைக்கின்றார். நம் உரையாசிரியர்களைப் போலவே அவர்களும் ஒரு வழக்கத்துக்கு இரு காரணம் காட்டுதலில் வல்லவர். பெப்ருவரித் திங்கள் 13 முதல் 21 வரை நிகழும் நீத்தார் நாள்களில், ஓர் ஓட்டின்மேல் மாலையும், சிறிது தானியமும், சில உப்புக்கல்லும், மதுவில் நனைத்த அப்பமும், உதிர்த்த வயலட்டுப் பூக்களும் போதும் என்று ஓவிட் பாடினார். இதனைப் படிக்குந்தோறும் நம் நெஞ்சில் எழுவது, வேள் எவ்வி இறந்தபின் அவன் மனைவி பிடியின் அடியளவான சிறிய இடத்தை மெழுகிப் புல்லின்மேல் வைத்த சிறு பிண்டத்தை வெள்ளெருக்கிலையார் பாடிய காட்சியாகும். இரு நாட்டிலும் இறந்தோர் வேண்டுவது சிறிதே. இருப்போர் காட்டுவதே பெரிது.

உரோமர் வழக்கில் நாம் ஊன்றி நோக்குதற்குரியது ஒன்றுண்டு. துக்கம் காப்போர் கரிய ஆடை உடுத்து, தலை வாராது, பூச்சுகளைத் தவிர்த்திருந்தனர். நறுமணம் முழுதும் இறந்தவர்க்கே உரியதாயிற்று. ஆகவே அமோமம், இலவங்கம் முதலியவற்றின் மணம் உரோமர் மூக்குக்குச் சாவை நினைவூட்டிற்று. உயிரோடிருப்பவன் அம்மணத்தைப் பூசிவந்தால் நகைப்புக்கு இடமாவான். காலையிலேயே அமோமத்தில் நனைந்து வியர்த்து வரும் கிரிசுபினசு என்பானை, இரண்டு பிணங்களினும் மிகுதியாக நாறுகின்றான் என்று சூவெனல் எள்ளிப் பாடினார். மார்சியலோ, சிதையில் பாதி வெந்த குந்துருக்கத்தையும் பாடையிலிருந்த இலவங்கத்தையும் திருடிய ஒருவனை இகழ்ந்தார். சாவுக்குரிய மணத்தை வாழ்வோர் அணியலாகாது என்னும் எல்லைக்கோடு இருந்தமையாலன்றோ இவ்வங்கதங்கள் சுவைத்தன? மேலைநாட்டில் இக்காலத்து நறுமண வினைஞர் உரோமர் துக்கத்தை நினைந்து சைப்பிரசும் வயலட்டும் குந்துருக்கமும் கூட்டி வாழ்வோர் அணியும் மணநெய் ஆக்குவதுண்டு என்பர். அதனைச் சூவெனல் முகர்ந்திருப்பின் இன்னோர் அங்கதப்பா நமக்குக் கிடைத்திருக்கும்.

இனி, தமிழகத்து நிலையை நோக்குவோம். அகிலும் ஆரமும் இந்நாட்டு மலைகளின் விளைபொருள். மகளிர் கூந்தலுக்கு அகிற்புகை ஊட்டுதலும், மைந்தர் மார்பில் சந்தனம் பூசுதலும் சங்கப் பாடல்களிற் பல்கிக் காணப்படும். மாதவியின் நீராட்டுக்குப் பத்துவகைத் துவரும் ஐவகை விரையும் முப்பத்திருவகை ஓமாலிகையும் ஊறிய நன்னீரை இளங்கோவடிகள் கூறுவர். அவ்விரை ஐந்தனுள் கோட்டமும் துருக்கமும் அடங்கும். இவை கடலோடும் வாணிகரும் நன்கறிந்த சரக்குகள். இத்துணை மணச்செல்வம் உடைய நாட்டில் ஈமம் எவ்வாறு பாடப்பட்டது? அதியமானின் சிதையை ஔவையார் பாடுங்கால், புனங்காக்கும் குறவன் வெட்டிய குறைக்கொள்ளி போன்ற கரிந்த விறகையே காட்டுகின்றார். கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை தன் தேவியின் சிதையைப் பாடுங்கால் கள்ளி வளர்ந்த களரையும் விறகின் தீயையும் கூறுகின்றான். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு தான் புகும் ஈமத்தைக் கரிய விறகாற் பண்ணியதாகவே கூறுகின்றாள். மூன்று சிதைகளிலும் ஆரமில்லை, அகிலில்லை. விலையுயர்ந்த மணப்பொருளை வேந்தர் சிதையில் இடும் ஆற்றல் இல்லாமையால் அன்று. கையறுநிலையின் சுவை வெறுமையைக் காட்டுதலில் உள்ளது என்று புலவர் உணர்ந்தமையால் என்றே நாம் கருதுகின்றோம்.

ஆகவே தமிழ்ப் புலவர் மணத்தைச் சிதையில் இடவில்லை; நினைவில் இட்டனர். அதியமானைக் குறித்த மற்றொரு கையறுநிலையில், நரந்தம் கமழும் தன் கையால் புலால் கமழும் என் தலையைத் தடவுவானே என ஔவையார் இரங்குகின்றார். அங்கே இரு மணத்துக்கும் 'நாறுதல்' என்னும் ஒரே வினையை அவர் வழங்கியிருத்தல் நோக்கற்பாலது. இக்காலத்து அச்சொல் தீமணத்தையே குறித்துத் தாழ்ந்துவிட்டமையால், மாணவர் அப்பாட்டின் நுட்பத்தைத் தவறவிடுதல் உண்டு. புரவலன் கையும் பாடினி தலையும் ஒரு வினையால் ஒன்றாகின்றன. குடவாயிற் கீரத்தனார், ஒல்லையூர் கிழான் மகன் பெருஞ்சாத்தன் மாய்ந்தபின் இளையோரும் வளையோரும் பாணனும் பாடினியும் சூடாத நிலையில் முல்லை ஏன் பூத்தது என்று வினவுகின்றார். அங்குப் பூவைத் துறந்தோர் ஊரார் அனைவருமாவர். இறந்தவன் மனைவியை மட்டும் அப்பாட்டு தனித்துக் காட்டவில்லை.

சாவுக்கு முந்திய மணமும் ஒன்றுண்டு. புண்பட்ட வீரனைக் காக்கும் இல்லத்தில் இரவமும் வேம்பும் செருகி, வெண்சிறு கடுகு தூவி, காஞ்சி பாடி, நறும்புகை எழுப்புதலை அரிசில்கிழார் கூறுவர். தமிழர் நறும்புகையை உயிரை நிறுத்தற்கு எழுப்பினர். உரோமர் உயிர் நீங்கியபின் எழுப்பினர் என்று இப்பாட்டொன்றைக் கொண்டு சொல்லத் தோன்றும். எனினும் ஒரு பாட்டின்மேல் இத்துணைப் பாரத்தை ஏற்றுதல் தகாது.

கணவனை இழந்தாளின் நிலைக்கு வருவோம். தொல்காப்பியர் காஞ்சித்திணையில் இதனைத் தாபதநிலை என்பர். பெருங்கோப்பெண்டின் பாட்டில் கைம்மை நோன்பின் உணவு விரித்துரைக்கப்படுகின்றது. நறுநெய் தீண்டாத, கையாற் பிழிந்த சோறு, எள்ளின் சாந்தோடு புளி கூட்டிய வேளைக்கீரை, பரற்கற்படுக்கை. மணமுடைய நெய் விலக்கப்பெற்றதையும், மார்பிற் பூசும் சந்தனத்துக்கு வழங்கும் 'சாந்து' என்னும் சொல் இங்கே அரைத்த எள்ளுக்கு வந்ததையும் ஒருங்கே வைத்துப் பார்த்தல் வேண்டும். அத்தேவிக்கோ சிதைத்தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே. பிற பாடல்களில் கூந்தல் கொய்தலும் வளை கழித்தலும் அல்லி அரிசி உண்டலும் கூறப்படும். இந்நோன்புக்குக் காலவரையறை ஒன்றும் இப்பாடல்களில் இல்லை. உரோமக் கைம்பெண்ணுக்கோ நூமாவின் விதி பத்துத் திங்கள் என்று புளூட்டார்க்கும், முன்னோர் வகுத்தது ஓராண்டு என்று செனெக்காவும் கூறுவர். ஆடவர்க்கு அத்தகைய வரையறை இல்லை என்பதையும் செனெக்கா சேர்த்துரைக்கின்றார். அக்காலம் கழிந்தபின் அவள் மீண்டும் மணக்கலாம், நறுமணமும் பூசலாம். உரோமர் பிணத்தின்மேற் பொன்னைக் கொட்டினர் என்று நகைக்கும் நாம், நம் கைம்பெண்டிர் வாழ்நாள் முழுதும் செலுத்திய விலையை எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. ஊரே பூத்துறந்த முல்லைப்பாட்டின் நிலை சுருங்கி, அக்கடமை ஒருத்தி தலையில் மட்டும் எக்காலத்தில் நிலைபெற்றது என்பது தனியே ஆராயத் தக்கது.

அண்மைக்காலத்துச் சான்றுகள் இரண்டைக் கூறி அமைவோம். வியன்னா நகரிலுள்ள பாப்பிரசு ஏடொன்று 1985-இல் வெளியிடப்பெற்றது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டினதாகிய அவ்வேடு முசிறி வாணிகக் கடனையும், எர்மபொல்லோன் என்னும் கலத்தின் சரக்கையும் குறிப்பது. அச்சரக்கில் கங்கைச் சடாமாஞ்சில் 60 பேழை இருந்தது. பேழையொன்றின் மதிப்பு 4,500 திராக்மா. சடாமாஞ்சில் உரோமர் உயர்நறுநெய்களுக்கு உயிரான பொருள்.

இரண்டாவது சான்று இசுபெயின் நாட்டுக் கார்மோனாவில், வீடொன்றைப் புதுக்கியபோது 2019-இல் வெளிப்பட்ட கல்லறை. கி.பி. முதல் நூற்றாண்டினதாகிய அதன் தாழியொன்றில், 30-க்கும் 40-க்கும் இடைப்பட்ட அகவையினளான பெண்ணொருத்தியின் எரிந்த எலும்புகளோடு, பளிங்கிற் குடைந்த சிறு நறுநெய்க்குப்பி இருந்தது. அதன் வாய் கல்லடைப்பிட்டு நிலக்கீலாற் பூசப்பெற்றிருந்தமையால் உள்ளிருந்த நெய்யின் எச்சம் கெடாது நின்றது. கோர்டோபா பல்கலைக்கழகத்தார் அதனை வேதியியல் முறையில் ஆய்ந்து, எண்ணெயிற் கூட்டிய 'பச்சௌலி' இலையின் மணநெய் அது என 2023-இல் அறிவித்தனர். பூவின் இனிமையன்று, ஈரமண்ணும் காய்ந்த இலையும் கலந்தாற்போன்ற கனத்த மணம் அது.

'பச்சௌலி' என்னும் பெயர் தமிழ்வழிப்பட்டது என ஐரோப்பிய அகராதிகள் குறிக்கும். பச்சை, இலை என்னும் சொற்களோடு அதனை இயைப்பர். பெயர் ஐரோப்பாவிற் பரவியது பத்தொன்பதாம் நூற்றாண்டிலாதலின், பெயரைக் கொண்டு கார்மோனாக் குப்பியின் இலை தமிழகத்தினின்று சென்றது எனல் பொருந்தாது. வேதியியல் இலையின் இனத்தைக் காட்டும். அது ஏறிய துறையைக் காட்டாது. குறிஞ்சிப்பாட்டின் 'பசும்பிடி'க்கு உரையாசிரியர் பச்சிலைப்பூ எனப் பொருள் கூறியிருத்தலையும் இதனோடு இணைத்தல் கூடாது. அகராதி அப்பச்சிலையைத் தமாலம் முதலிய வேறு மரமாகவே காட்டும். சொல்லொப்புமை கண்டவுடன் மகிழ்ந்து முடிவு கூறுதல் நம் துறையில் மிகுதியாகிவிட்டது.

ஐயமற்றது ஒன்றுண்டு. அவ்விலையின் இனத்தைச் சார்ந்த கதிர்ப்பச்சை தென்னாட்டு மலைகளில் விளைவது. மருக்கொழுந்து, தவனம் ஆகியவற்றைப் போல அதுவும் கதம்பத்திற் பூவோடு சேர்த்துத் தொடுக்கப்பெற்று மகளிர் கூந்தலில் ஏறும் பச்சை. சென்னைத் தெருக்களில் இன்றும் பாடைக்கு முன்னே உதிர்பூவை இறைத்துச் செல்வர்; பிணத்தின்மேல் மாலையும் பன்னீரும் மிகும். கணவனை இழந்தாள் கூந்தலினின்று கதம்பம் களையப்பெறுவதும் அச்சடங்குகளோடு ஒட்டியே நிகழ்ந்து வந்தது. கார்மோனாவில் அவ்வினத்து இலையின் நெய்யைப் பளிங்குக் குப்பியில் அடைத்து அப்பெண்ணின் எலும்போடு வைத்தனர்.